நாலு விரல் அகலம்

1

இன்று தைப்பொங்கல். காலையில் பஸ் எடுத்து நூலகத்தடிக்குப் போய்வந்தேன். பனி முழங்கால் மட்டும் கிடந்தது. நூலக வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கல் இருக்கிறது. உட்கார்ந்து தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற ஒரு பெண். அதைச் செய்தவர் தபிவா. சிம்பாப்வே நாட்டுக்காரர். நான் அவரிடம் உதவிக்கு நின்றவன்.

போன பொங்கலன்று அந்தக் கல்லுக்கு நான் ஒரு பிழை செய்தேன். பிறகு ஆறு நாளாக ஒரு பொய் சொன்னேன்.

ஊரில் என் மருமகன் சனசமூக நிலையத்து மலருக்கு எழுதித் தரச் சொல்லி மூன்று மாதமாகக் கேட்கிறான். "மாமா, உங்கத்தையான் கனடா வாழ்க்கையைப் பற்றி எழுதுங்கோ" என்கிறான். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். வாழ்க்கையைப் பற்றி எழுதத் தெரியாது. நடந்ததை எழுதலாம்.

2

தபிவாவைச் சந்தித்தது பிறம்ரன் நகரில், ஒரு கல் வெட்டும் பட்டறையில். சமைக்கிற குசினி மேசைக்குக் கல் வெட்டுவோம். மார்க்கம் நகரத்தில் வீடு வாங்குகிற எங்கள் சனம்தான் பாதி வாடிக்கை. நான் மெஷினில் நின்றேன். அவர் ஓரம் தேய்த்தார். ஒவ்வொரு பலகைக் கல்லையும் வெட்ட முதல் உள்ளங்கையால் தடவுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை. நானும் தடவுகிறவன்.

என் மனிசி அவருடைய பெயரைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "தப்பி வா எண்டோ பேர்? அப்ப எங்கட ஆக்கள் எல்லாருக்கும் அந்தப் பேர்தானே வைச்சிருக்கோணும்."

நாங்கள் இரண்டு பேரும் பேசியது உடைந்த இங்கிலீசு. இங்கே அதைத் தமிழில் போடுகிறேன்.

அவர் தன் கதையைச் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். முழுதாகக் கேட்டு முடிக்க இரண்டு வருடம் எடுத்தது. தகப்பன் புகையிலைத் தோட்டத்துக் கூலி. பின்னால் மலை. மலையில் இந்தக் கறுப்புக் கல். பதினேழு வயதில் உளி பிடித்தார். காகிதத்தில் கீறிப் பார்க்க மாட்டார். கல்லுக்குப் பக்கத்தில் போய் இருப்பார். நாலு நாள், ஐந்து நாள் இருப்பார். பிறகு எழும்பி நேரே அடிப்பார்.

கல்லின் மேல்தோல் மண்ணிறம். அதை எல்லாரும் முழுக்க உரித்துவிடுவார்கள். அவர் எங்கேயாவது ஒரு துண்டு விட்டுவிடுவார். முதுகில், பாதத்தில். ஏன் என்று கேட்டேன்.

"உடுப்புப் போட்டாலும் ஆற்ற பிள்ளை எண்டு தெரியோணும்" என்றார்.

வயிற்றுப்பாட்டுக்குக் கல்லில் நீர்யானை செய்தார். சுற்றுலாக்காரர் வாங்குவார்கள். கிழமைக்கு நாற்பது. இப்போதும் தொலைக்காட்சியில் நீர்யானை வந்தால் அணைத்துவிடுவார்.

ஒருமுறை ஒரு கதிரை செய்தார். பெரிய கதிரை. அதில் ஆள் இல்லை. றோட்டோரம் வைத்தார். ஆளும் கட்சி ஆட்கள் வந்தார்கள்.

"இது ஆற்ற கதிரை?"

"இருக்கிற ஆளின்ர."

அவருடைய சுத்தியலாலேயே கதிரையை உடைத்தார்கள். பிறகு இடது கையில் இரண்டு விரல்.

அதற்கடுத்த வருடம் இங்கே ஒரு கண்காட்சிக்கு அழைப்பு வந்தது. ஆறு கல்லோடு வந்தார். திரும்பிப் போகவில்லை. அகதி விசாரணையில் அதிகாரி கேட்டாராம், ஒரு கதிரைக்காக ஆரும் அடிப்பார்களா, படம் இருக்கிறதா என்று. படம் இல்லை. இவர் இடது கையை மேசையில் வைத்தார். மடங்கிய இரண்டு விரலும் மேசையில் படவில்லை. அதிகாரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினாராம்.

என்னுடைய விசாரணையில் நான் கழற்றிக் காட்ட ஒரு சட்டை இருந்தது. அதைப் பற்றி இங்கே வேண்டாம்.

3

தபிவாவின் மனைவி பெயர் ருடோ. ஊரிலிருந்து இங்கே கூப்பிட ஸ்பொன்சர் போட்டார். ஒவ்வொரு முறையும் ஒரு பேப்பர் குறைந்தது. பேப்பர் கிடைக்கும்போது மெடிக்கல் காலாவதி. திரும்ப மெடிக்கல். அதற்குள் இன்னொரு பேப்பர். ஐந்து வருடம். சரி என்று கடிதம் வந்தபோது ருடோவைப் புதைத்து ஒரு மாதம்.

அந்தக் கடிதத்தை அவர் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். கலண்டருக்குப் பக்கத்தில்.

நூலகத்துக்கு முன்னால் வைக்க ஒரு சிலை வேண்டும் என்று அறிவித்தல் வந்தது. என் மகள் அபிதான் அவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். கிடைத்தது. இந்த நாட்டில் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. மில்லிக்கன் பக்கம் ஒரு இடம் வாடகைக்கு எடுத்தார். கடிதத்தையும் அந்தச் சுவருக்கு மாற்றினார். அவருடைய ஊர் மலையிலிருந்து கல் கப்பலில் வந்தது. என்னைப் பிறம்ரனை விட்டு வரச் சொன்னார்.

"எனக்குச் சிலை செய்யத் தெரியாது" என்றேன்.

"உனக்குக் கேக்கும்" என்றார்.

முப்பது வருடம் மெஷின் பிடித்து அவருக்குக் காது போய்விட்டது. காதுக் கருவி சட்டைப் பையில் கிடக்கும். தூசு பட்டால் கெட்டுப்போகும் என்பார். நல்ல கல்லைத் தட்டினால் மணி மாதிரி நின்று ஒலிக்கும். உள்ளே வெடிப்பு இருந்தால் மொத்தென்று நிற்கும். அவருக்கு இரண்டும் ஒன்றாகிவிட்டது. ஆகவே ஒவ்வொரு நாளும் வேலை தொடங்க முதல் நான் சுத்தியலால் தட்டுவேன். அவர் என் முகத்தைப் பார்ப்பார்.

"பாடுதா?"

"பாடுது."

அதற்குப் பிறகுதான் உளி எடுப்பார். பத்து மாதம் இப்படி. ருடோ அந்தக் கல்லுக்குள்ளிருந்து தோள், கழுத்து, மடி என்று வந்தாள். பெயர் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தலை திரும்பியிருக்கிற பக்கத்தில்தான் அந்தக் கடிதம் ஒட்டிய சுவர்.

4

போன பொங்கல் செவ்வாய்க்கிழமை. மைனஸ் இருபதுக்குக் கீழே. மனிசி பொங்கலை டப்பாவில் கட்டித் தந்தாள்.

"இஞ்சருங்கோ, அடுத்த திங்கள் சிலை வெளிக்கிடுதெல்லே? நல்ல நாள். ஒருக்காக் கற்பூரம் காட்டிப்போட்டு வேலையைத் தொடங்குங்கோ."

கற்பூரப் பெட்டியை ஜக்கெற் பையில் போட்டுவிட்டாள்.

நான் போனபோது தபிவா வரவில்லை. இடம் குளிர்ந்து கிடந்தது. ஹீற்றர் இரவில் நின்றிருந்தது. கல்லைத் தொட்டேன், கை ஒட்டியது.

கற்பூரத் தட்டம் கொண்டுபோகவில்லை. ஊரில் கோயில் வாசலில் கல்லிலேயே வைத்துக் கொளுத்துவோம். அந்தப் பழக்கம். அவளுடைய மடியில் ஒரு பள்ளம் இருந்தது. ஆறு கட்டி வைத்தேன். கொளுத்தினேன். கற்பூரம் உருகிப் பரவி உள்ளங்கை அளவுக்கு எரிந்தது. கும்பிட்டேன்.

டிக் என்று ஒரு சத்தம்.

சின்னச் சத்தம். குளிரில் கூரைத் தகரமும் அப்படிச் சத்தம் போடும். கற்பூரம் தீர்ந்ததும் கரியைத் துடைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சுத்தியல் எடுத்து மடிக்குக் கீழே தட்டினேன்.

மொத்.

இன்னொருமுறை. மொத்.

கதவு திறந்து தபிவா வந்தார். கையில் கோப்பி இரண்டு. என் கையில் சுத்தியல். வழக்கம்போல என் முகத்தைப் பார்த்தார்.

"பாடுதா?"

"பாடுது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒரு வருடமாக யோசிக்கிறேன். யோசிக்க முதல் வாய் சொல்லிவிட்டது.

5

ஊரில் நான் கிணறு வெட்டினவன். கல்லில் அலவாங்குக் கம்பியால் தட்டிப் பார்த்து, பிளக்க எங்கே ஆப்பு வைப்பது என்று சொல்வது என் வேலை. கல்யாணம் முடித்த புதிதில் நீர்வேலியில் ஒரு கிணறு. பக்கச் சுவர் மொத்தென்று கேட்டது. மேலே நின்ற எங்கள் வேலைத் தலைவன் கேட்டான், "என்னடா, நிக்கிறாய்?" பிந்தினால் அன்றைய வேலை போகும். "ஒண்டுமில்லை" என்றேன். கீழே செல்லையா அண்ணை நின்றார். கல் சரிந்து இடுப்பில் விழுந்தது. உயிர் போகவில்லை. பதினொரு வருடம் பாயில் கிடந்தார். அவருடைய மனைவி என்னைக் கண்டால் "இருங்கோ தம்பி" என்று தேத்தண்ணி தருவா. நான் தட்டினது அவவுக்குத் தெரியாது.

இதை மனிசிக்குக்கூடச் சொன்னதில்லை. இப்போது எழுதிவிட்டேன். செல்லையா அண்ணையின் பிள்ளைகள் வாசித்தால் வாசிக்கட்டும்.

புதன் காலை: பாடுதா? பாடுது. வியாழன்: பாடுது. வெள்ளி அவர் அவளுக்குச் சூடு காட்டி மெழுகு பூசினார். நான் மடியைப் பார்க்காத மாதிரித் துணி நனைத்துக் கொடுத்தேன். ஒரு மயிர்க்கோடு இப்போது தெரிந்தது. மடியிலிருந்து இடுப்பைச் சுற்றிப் பின்னால் போனது. அவர் கண்ணாடி போடாமல் வேலை செய்வார். மெழுகு கோட்டை மூடியது.

ஒரு வெடிப்போடு அது நூலக வாசலில் சும்மா இருந்தால் நூறு வருடம் இருக்கலாம். ஆனால் தூக்கவேண்டும். திங்கள் கிரேன் வரும். தூக்குகிற பட்டி அவளுடைய கைகளுக்கு அடியால் போகும். முழுப் பாரமும் மேல்பாதியில் தொங்கும். கீழ்ப்பாதி கழன்றால் கீழே நிற்பவனுக்குக் கால் இருக்காது.

கீழே நிற்கப்போவது தபிவா.

சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். ஐந்து வருடம் வழி பார்த்துக்கொண்டிருந்தவளைக் கல்லில் கொண்டுவந்தார். அவள் மடியில் நான் நெருப்பு வைத்தேன்.

ஞாயிறு அபி போன் எடுத்தாள். நகரத்துக்குள் தனியே இருக்கிறாள். ஞாயிறு மட்டும் எடுப்பாள். சாப்பிட்டீங்களா, குளிரா, பை. அன்று நான் சொல்லிவிட்டேன். கற்பூரம், டிக், பாடுது, எல்லாம்.

"அபி?"

"இருக்கிறன் அப்பா. நீங்க எனக்கு... யூ நெவர் டெல் மீ திங்ஸ். இதுதான் ஃபர்ஸ்ட் டைம்."

"அதை விடு. என்ன செய்யிறது?"

"யூ நோ வாட் டு டூ. அவருக்குச் சொல்லுங்கோ. டுநைற்."

"ஓம்" என்றேன். அன்று சொல்லவில்லை.

6

திங்கள் எட்டு மணிக்குக் கிரேன் வந்தது. சிலை நிறுவும் வேலையைப் பார்க்கும் ஒபிஸ் பெண்மணி செம்மஞ்சள் மேலங்கியோடு வந்தா. றோட்டை மறிக்கிற அனுமதி மதியத்தோடு முடிகிறது என்று இரண்டு முறை சொன்னா. முதல்நாளே உருளைகளில் வைத்து அவளை வாசல் மட்டும் தள்ளி வைத்திருந்தோம். வெளிச்சத்தில் அவள் ஈரமாக இருக்கிற மாதிரி மினுங்கினாள்.

பட்டி போட்டார்கள். தபிவா கீழே போய் நின்றார். ஒரு கை அவளுடைய முழங்காலில். கிரேன்காரனுக்குக் கை காட்டும் வேலை என்னுடையது. நான் கையை உயர்த்தினால் அவன் தூக்குவான்.

கிரேன்காரன் என்னைப் பார்த்தான். ஒபிஸ் பெண்மணி மணிக்கூட்டைப் பார்த்தா. தபிவா கையால் "பொறு" என்று காட்டினார். ஜக்கெற்றுக்குள்ளிருந்து சின்னச் சுத்தியலை எடுத்து எனக்கு நீட்டினார். கடைசி முறை. பழக்கம்.

தட்டினேன். பட்டி இறுகியிருந்ததால் இன்னும் மோசமாகக் கேட்டது.

"பாடுதா?"

என் கை கீழேதான் இருந்தது.

"இல்லை" என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்தேன். கேட்டிருந்தது.

உளி ஒன்றை எடுத்தார். முனையை மடிக்குக் கீழே வைத்தார். பிடியைப் பல்லால் கடித்தார். கல்லில் அடி என்று கையால் காட்டினார். அடித்தேன். தோளில் வைத்துக் கடித்தார். அடித்தேன். திரும்ப மடியடிக்கு வந்தார். அடித்தேன். அவருடைய பல் எலும்புக்குக் கேட்டுவிட்டது. எனக்கு முகத்தில் தெரிந்தது.

"எப்ப இருந்து?"

"செவ்வாய்."

"செவ்வாய்" என்றார். விரலை மடித்து எண்ணினார். "ஆறு நாள் நான் கேட்டனான்."

"ஓம்."

"என்ன செய்தாய்?"

கற்பூரத்தைச் சொன்னேன். பெட்டி இன்னும் பையில் கிடந்தது. எடுத்துக் காட்டினேன். மணந்து பார்த்தார். திரும்பத் தந்தார்.

"உன்னை நான் கைக்கு வைச்சிருக்கேல்ல சிவா. கைக்கு ஆரும் வருவினம். நீ என்ர காது."

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

ஒபிஸ் பெண்மணி கிட்ட வந்து என்ன பிரச்சினை என்றா. இன்று வைக்காவிட்டால் மாற்றப் படிவம் நிரப்பவேண்டும், பொறியியலாளர் கடிதம் வேண்டும், வசந்த காலம்வரை போகலாம், அதற்குள் குழு வேறு முடிவும் எடுக்கலாம் என்றா. தபிவா கேட்டுக்கொண்டு நின்றார். சுவரில் ஒட்டிய கடிதத்தை நான் பார்த்தேன். அவர் பார்க்கவில்லை.

"ஆப்பு இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

"இருக்கு."

"அவள் றோட்டில உடைய வேண்டாம். நாங்களே திறப்பம்."

7

கோடு போன வழியே ஒன்பது ஆப்பு வைத்தேன். ஊரில் ஆயிரம் முறை செய்த வேலை. ஒன்றுமாறி ஒன்று மெல்லத் தட்டினேன். தபிவா முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சத்தம் அவருக்குக் கேட்காது. ஆனால் நிலத்தால் காலுக்கு வந்திருக்கும்.

கல் விட்டது. பெரிய சத்தமில்லை. ஒரு மூச்சு மாதிரி.

கிரேன் மேல்பாதியை ஒரு சாண் தூக்கியது. கிரேன்காரன் அதை மரக்கட்டைகளில் சாய்த்து வைத்தான். தபிவா திரும்பி வந்து குனிந்தார். நானும் குனிந்தேன்.

கிணற்றில் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பழைய வெடிப்பென்றால் உள்ளே செம்மண் ஊறியிருக்கும். புதிதென்றால் வெள்ளையாக இருக்கும். இங்கே உள்முகம் முழுக்க மண்ணிறம். அவர் முதுகில் விட்டுவைக்கும் தோலின் அதே நிறம். மலையில் இருக்கும்போதே வெடித்து, மழை ஊறி, அப்படியே மூடிக்கொண்ட கல். கப்பல் ஏறும்போதும் வெடிப்பு உள்ளேதான் இருந்தது. மேல்விளிம்பு மூடியிருந்ததால் பாடிக்கொண்டிருந்தது.

மடிப் பக்கத்து மேல்விளிம்பில் மட்டும் ஒரு பட்டை வேறு நிறம். நீலம் கலந்த சாம்பல். துப்புரவு. புதிது.

அவர் அதை அளக்கத் தன் இடது கையை வைத்தார். இரண்டு விரல் மடங்கியே நின்றது. கையை எடுத்தார். என் கையைப் பிடித்தார். கையுறையை இழுத்துக் கழற்றி அந்த விளிம்பில் வைத்து அழுத்தினார். கல் சுட்டது, அந்தக் குளிர் அப்படி. சுட்டுவிரல் தொடங்கிச் சின்னிவிரல் மட்டும். சரியாக நாலு விரல்.

"மிச்சம் மலையின்ர" என்றார். "இவ்வளவுதான் உன்ர."

நான் மூச்சு விட்டேன்.

"பொய் முழுக்க உன்ர" என்றார்.

8

மூன்று கிழமை என்னோடு பேசவில்லை. நான் நாளும் போனேன். கூட்டினேன், ஹீற்றரைப் பார்த்தேன், வந்தேன். அவர் போ என்று சொல்லவில்லை.

மாற்றப் படிவம் அபி நிரப்பினாள். சேதத்துக்குக் காரணம் என்று ஒரு கட்டம்.

"அப்பா, நச்சுரல் ஃபிஷர், கல்லில முதலே இருந்த வெடிப்பு எண்டு போடுறன். தட்ஸ் ட்றூ."

"கற்பூரத்தையும் போடு."

"அவங்களுக்குக் கற்பூரம் எண்டா என்னெண்டு தெரியாது. பிறகு குவெஸ்சன் கேப்பாங்க."

"கேக்கட்டும். போடு."

கேட்டார்கள். கற்பூரம் என்றால் என்ன, எதற்குக் கொளுத்துவது, ஏன் அந்தத் திகதி. அபி என்னிடம் கேட்டாள். பொங்கல் என்றால் என்ன என்று என் மகள் இருபத்துநாலு வயதில் ஒரு படிவத்துக்காகக் கேட்டாள். சொன்னேன். ஒரு மணித்தியாலம் சொன்னேன். இரண்டு பக்கம் எழுதி அனுப்பினாள். எட்டுக் கிழமையால் சரி என்று பதில் வந்தது.

துருப்பிடிக்காத கம்பி மூன்று. துளை போட்டது நான். பசை வைத்து மூட்டினது அவர். திரும்ப மெழுகு. கோட்டை அவர் மறைக்கவில்லை. அந்த நாலு விரல் விளிம்புக்கு மெழுகும் பூசவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் கறுப்பில் ஒரு சாம்பல் பட்டை. யூன் மாதம் கொண்டுபோய் வைத்தோம். கை காட்டினது நான்தான்.

இன்று காலை போனபோது தபிவா முதலே வந்து நின்றார். சொல்லி வைக்கவில்லை. அவள் தலையிலிருந்த பனியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். தமிழ்க்கடைப் பை ஒன்று கையில். அதற்குள்ளிருந்து ஒரு எவர்சில்வர் தட்டம் எடுத்தார். விலைச் சீட்டும் கழற்றவில்லை.

"உங்கட ஆக்கள் எல்லாத்தையும் விக்கிறியள், இதையும் விக்கிறியள். போன வருசம் இது எங்க போனது?"

"குசினிக்க."

சிரித்தார். பிறகு ஜக்கெற்றுக்குள் கையை விட்டுச் சின்னச் சுத்தியலை எடுத்து நீட்டினார். என் முகத்தைப் பார்த்தார். ஒரு வருடமாக அவர் அப்படிப் பார்க்கவில்லை.

மடிக்குக் கீழே தட்டினேன்.

"பாடுதா?"

ஒட்டின கல் பாடாது. அவருக்கும் தெரியும்.

"இல்லை" என்றேன்.

"சரி" என்றார். தட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கற்பூரம் வைத்தேன்.